அம்மாவின் முழங்காலில் சொந்த ரத்தம், அப்பாவின் பாதத்தில் ஆய்வகப் புரதம்

எங்கள் வீட்டில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இரண்டு பேருக்கு இரண்டு விதமான வைத்தியம் பார்த்தோம். அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். அவர் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, அதில் ஒரு பகுதியைப் பிரித்து முழங்காலுக்குள் ஊசியாகப் போட்டார்கள், பி.ஆர்.பி. என்பார்களே அது. அப்பாவுக்குச் சர்க்கரை, வலது பாதத்தில் ஆறாத புண். அவருக்கு ஆய்வகத்தில் தயாரித்த வளர்ச்சிப் புரதம் கலந்த ஜெல்லைத் தடவச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து பார்த்த சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் சொன்னது ஒன்றுதான். "அம்மாவுக்குப் போட்டது நல்லது, சொந்த ரத்தம், பக்கவிளைவே கிடையாது. அப்பாவுக்குப் போடுறது கெமிக்கல், பாத்துக்க." இந்தப் பேச்சை மருத்துவமனை வரவேற்பறைகளிலும் கேட்டுவிட்டேன், விளம்பரப் பலகைகளிலும் பார்த்துவிட்டேன். இப்படிப் பிரித்துப் பார்ப்பதால் சரியான கேள்விகளைக் கேட்காமலே பணத்தைக் கட்டிவிட்டு வருகிறோம் என்று எனக்குப் படுகிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. பெற்றோருக்குத் துணையாக அலைந்தவள், டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவள், கிடைத்த ஆய்வுகளைப் பொறுமையாக உட்கார்ந்து படித்தவள், அவ்வளவுதான்.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். உடம்பில் எங்கே அடிபட்டாலும் ரத்தத்தில் உள்ள பிளேட்லெட்டுகள்தான் முதலில் அங்கே போய்ச் சேருகின்றன. ரத்தத்தை உறைய வைப்பதோடு அவை நிற்பதில்லை. தங்களுக்குள் வைத்திருக்கும் சிறு பைகளிலிருந்து பி.டி.ஜி.எஃப்., டி.ஜி.எஃப்.-பீட்டா, வி.ஈ.ஜி.எஃப்., ஈ.ஜி.எஃப். என்று பல புரதங்களை வெளியே விடுகின்றன. இங்கே செல்கள் வரட்டும், பெருகட்டும், புது ரத்தக்குழாய் முளைக்கட்டும் என்று சொல்லும் சமிக்ஞைகள் இவை. பி.ஆர்.பி. என்பது இந்தப் பிளேட்லெட்டுகளைச் செறிவாக்கி ஓரிடத்தில் கொண்டுபோய் விடுவது. ஆய்வகப் புரத வைத்தியம் என்பது இதே புரதங்களில் ஒன்றை மட்டும் எடுத்து, அதற்குரிய மனித மரபணுவை ஒரு பாக்டீரியாவிலோ ஈஸ்ட்டிலோ பாலூட்டி செல்லிலோ வைத்து, அதைக் கொண்டு அந்தப் புரதத்தைத் தயாரித்து, சுத்தம் செய்து, இத்தனை மைக்ரோகிராம் என்று அளந்து கொடுப்பது. சர்க்கரைப் புண்ணுக்காக அமெரிக்காவில் 1997-இல் அனுமதி பெற்ற பெகாப்ளெர்மின் என்ற ஜெல்லில் இருப்பது பி.டி.ஜி.எஃப். அது ஈஸ்ட்டில் தயாராகிறது. அம்மாவின் பிளேட்லெட்டுக்குள் இருப்பதும் பி.டி.ஜி.எஃப்.தான். அப்படியிருக்க ஒன்று இயற்கை, இன்னொன்று கெமிக்கல் என்று எப்படிப் பிரிப்பது?

இதை அப்பாவுக்குப் புரியவைக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. "தினமும் போட்டுக்கிறீங்களே இன்சுலின், அதுவும் இப்படித்தான்ப்பா வருது" என்றேன். ஒரு காலத்தில் பன்றி, மாட்டின் கணையத்திலிருந்து எடுத்துக்கொண்டிருந்த இன்சுலினை, மனித மரபணுவை பாக்டீரியாவில் வைத்துத் தயாரித்து 1982-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அப்புறம் அவர் ஜெல்லைப் பற்றிச் சந்தேகமே கேட்கவில்லை. அம்மாதான் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் முழங்கால் வலி என்று போனால் உடனே கிடைக்கும் பதில், "ஜவ்வு தேஞ்சு போச்சு." எலும்பின் முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பைத்தான் அப்படிச் சொல்கிறோம். அதில் ரத்தக்குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. ரத்தக்குழாய் இல்லாத இடத்தில் அடிபட்டால் பிளேட்லெட் தானாக அங்கே போக வழியில்லை, பழுதும் சுலபத்தில் சரியாவதில்லை. அதனால் நாமே கொண்டுபோய் விடலாமே என்பதுதான் பி.ஆர்.பி.க்குப் பின்னால் உள்ள யோசனை. யோசனை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசனை நன்றாக இருப்பதும் வைத்தியம் பலிப்பதும் வெவ்வேறு விஷயம்.

நாங்கள் முதலில் போன ஓரிடத்தில் எக்ஸ்ரேயைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. இரண்டு காலுக்கும் சேர்த்து ஒரு பேக்கேஜ், கூடவே வயிற்றுக் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) எடுத்துப் போட்டால் ஜவ்வு மறுபடி வளர்ந்துவிடும் என்று ஒரு வண்ண அட்டையைக் காட்டி, முன்பணம் கேட்டார்கள். அம்மா அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பி வந்துவிட்டோம். வீட்டுக்கு வந்து தேடினேன். 2023-இல் நேச்சர் மெடிசின் இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்திருக்கிறது. 475 பேரை வைத்து அமெரிக்காவில் நடத்தியது. எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்தது, கொழுப்பிலிருந்து எடுத்தது, தொப்புள்கொடியிலிருந்து எடுத்தது என்று மூன்று வகைச் செல் ஊசிகளையும் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் வலியில் எதுவும் ஸ்டீராய்டை மிஞ்சவில்லை. ஸ்டீராய்டு ஊசிக்கும் அந்தப் பேக்கேஜுக்கும் நடுவில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டு நெறிகளும் தெளிவாகச் சொல்கின்றன: அங்கீகரிக்கப்பட்ட சில ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று சிகிச்சை மாதிரியானவை தவிர, மற்ற ஸ்டெம் செல் உபயோகத்தை முறைப்படி அனுமதி பெற்ற ஆய்வாகத்தான் செய்ய வேண்டும். ஆய்வு என்றால் நோயாளியிடம் காசு வாங்கக்கூடாது. அதனால் யாராவது ஸ்டெம் செல் என்றால், "இதுக்கு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்போட அனுமதி இருக்கா, எந்த நோய்க்கு அனுமதி, காகிதத்தைக் காட்டுங்க" என்று கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

அடுத்துப் போன எலும்பு மருத்துவர் வேறு மாதிரி. நிற்கவைத்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். இது முக்கியம். படுத்துக்கொண்டு எடுக்கும் எக்ஸ்ரேயில் உடம்பின் பாரம் மூட்டில் இறங்காது, இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது சரியாகத் தெரியாது. தேய்மானத்தை நான்கு நிலைகளாகப் பிரிப்பார்கள், அம்மா இரண்டாம் நிலையிலிருந்து மூன்றுக்குப் போய்க்கொண்டிருந்தார். "நாலாம் நிலையா இருந்தா ஊசியைப் பத்திப் பேசியே இருக்க மாட்டேன், ஆபரேஷன்தான்" என்று டாக்டர் நேராகச் சொன்னார். அவர்தான் எங்களிடம் ரெஸ்டோர் ஆய்வைப் பற்றிச் சொன்னவரும்.

ரெஸ்டோர் என்பது சிட்னியிலும் மெல்போர்னிலும் 288 பேரை வைத்து நடந்தது, 2021-இல் ஜாமா இதழில் வெளியானது. 50 வயதைத் தாண்டியவர்கள், லேசான அல்லது நடுத்தரத் தேய்மானம் உள்ளவர்கள், அதாவது அம்மா மாதிரி ஆட்கள். பாதிப் பேருக்கு பி.ஆர்.பி., பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். வாரத்துக்கு ஒன்றாக மூன்று ஊசி, எது யாருக்கு என்று போட்டுக்கொண்டவருக்குத் தெரியாது. பன்னிரண்டு மாதம் கழித்துக் கேட்டபோது, பத்துக்கு இத்தனை என்று சொல்லும் வலி அளவு பி.ஆர்.பி. போட்டவர்களுக்கு 2.1 குறைந்திருந்தது. உப்புத் தண்ணீர் போட்டவர்களுக்கு 1.8 குறைந்திருந்தது. குருத்தெலும்பின் அளவை எம்.ஆர்.ஐ.யில் பார்த்தபோதும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் "எங்க மாமியாருக்குப் போட்டோம், வலி பாதி குறைஞ்சிடுச்சு" என்று சொல்பவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. உப்புத் தண்ணீர் போட்டிருந்தாலும் அவர்களில் பலருக்கு வலி குறைந்திருக்கும், விஷயம் அதுதான். வலி அதிகமாக இருக்கும் காலத்தில்தான் நாம் டாக்டரிடம் போகிறோம், அதற்குப்பின் அது தானாகவும் கொஞ்சம் இறங்கும். ஊசியின் மேல் உள்ள நம்பிக்கையும் சேர்ந்துகொள்ளும்.

இதற்கு எதிர்வாதமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். அந்த ஆய்வில் தயாரித்த பி.ஆர்.பி.யில் பிளேட்லெட் செறிவு குறைவாக இருந்தது என்கிறார்கள். வேறு சில ஆய்வுகளில் பி.ஆர்.பி. மற்ற ஊசிகளைவிடக் கொஞ்சம் நன்றாகச் செயல்பட்டிருக்கிறது. சரி, ஆனால் இந்தச் சண்டையே ஒரு விஷயத்தைக் காட்டுகிறது. பி.ஆர்.பி. என்று ஒரே பெயரில் விற்கப்படுவது ஒரே பொருள் கிடையாது. நம் ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை பிளேட்லெட் இருக்கும், ஆளுக்கு ஆள் மாறும். எவ்வளவு ரத்தம் எடுத்தார்கள், எத்தனை முறை சுழற்றினார்கள், வெள்ளணுக்களைச் சேர்த்தார்களா விலக்கினார்களா என்பதைப் பொறுத்து ஊசிக்குள் போவது மாறும். 2019-இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர் அமைப்பு முழங்கால் தேய்மானத்துக்கு பி.ஆர்.பி. வேண்டாம் என்று அழுத்தமாகச் சொன்னதற்கு, தயாரிப்பில் ஒரு நிலையான அளவு இல்லாததுதான் முக்கியக் காரணம்.

இவ்வளவும் தெரிந்து ஏன் போட்டுக்கொண்டோம்? அம்மாவுக்கும் லேசாகச் சர்க்கரை உண்டு. ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும். வலி மாத்திரைகளைத் தொடர்ந்து போட சிறுநீரகம் இடம் கொடுக்கவில்லை. டாக்டர், "இது ஜவ்வை வளர்க்கும்னு நான் சொல்ல மாட்டேன். வலி கொஞ்ச மாசத்துக்குக் குறையலாம், குறையாமலும் போகலாம். குறைஞ்சா அந்த நேரத்துல உடற்பயிற்சியைக் கெட்டியாப் பிடிச்சுக்கணும்" என்றார். அப்படிப் பேசிய ஒருவரிடம் போட்டுக்கொள்ள எங்களுக்குத் தயக்கம் வரவில்லை.

அன்றைக்கு நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், போகிறவர்களுக்கு உதவும். முன்னதாகவே புரூஃபென், டைக்ளோ மாதிரி மாத்திரைகளை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். அவை பிளேட்லெட்டின் வேலையையே தடுக்கக்கூடியவை. ஆனால் இதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை கூட நிறுத்தக்கூடாது. முழங்கால் வலிக்காக இதயத்தைப் பணயம் வைக்க முடியாது. கையிலிருந்து ஏறக்குறைய முப்பது மில்லி ரத்தம், உறையாமல் இருக்க மருந்து சேர்த்த குழாய்களில் எடுத்தார்கள். சுழற்றி முடித்து வெளியே எடுத்தபோது டெக்னீஷியன் குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். அடியில் கருஞ்சிவப்பு, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர், இரண்டுக்கும் நடுவில் நூல் கனத்தில் சாம்பல் வெள்ளையாக ஒரு படலம். அந்தப் படலத்தில்தான் வெள்ளணுக்கள் இருக்கின்றன, முழங்காலுக்கு அவை குறைவாக இருப்பது நல்லது, அதனால் அதற்கு மேலே உள்ளதை மட்டும் எடுக்கிறேன் என்றார். அம்மா அந்த மஞ்சள் நீரைப் பார்த்து, "இதுவா ரத்தம்?" என்று கேட்டார். பிளேட்லெட் எண்ணிக்கையை அளந்து சொல்வீர்களா என்று நான் கேட்டேன். எடுத்த ரத்தத்தில் எவ்வளவு, தயாரித்ததில் எவ்வளவு என்று இரண்டையும் எழுதிக் கொடுத்தார்கள். எல்லா இடத்திலும் கொடுக்க மாட்டார்கள். கேட்டுப் பாருங்கள், அளக்கவே முடியாது என்று சொல்கிற இடத்தில் எதைப் போடுகிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

ஊசி போட்ட அன்றும் மறுநாளும் வலி கூடியது, கால் கனமாக இருந்தது. அது எதிர்பார்த்ததுதான். பாராசிட்டமால் மட்டும் கொடுத்தோம், துணி சுற்றிய ஐஸ் வைத்தோம். காய்ச்சல், மூட்டு சூடாகிச் சிவந்து வீங்குவது, காலை அசைக்கவே முடியாத வலி என்று வந்தால் எந்த நேரமானாலும் உடனே வரச் சொல்லியிருந்தார்கள். மூட்டுக்குள் கிருமி போனால் சில நாட்களிலேயே மூட்டைக் கெடுத்துவிடும். சொந்த ரத்தம், பக்கவிளைவே கிடையாது என்பவர்கள் மறக்கிற விஷயம் இது. ரத்தம் சொந்தமாக இருக்கலாம், ஊசியும் குழாயும் அறையும் சுத்தமாக இருக்க வேண்டுமே. அழகு நிலையம் மாதிரி இடங்களில் முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

அம்மாவுக்கு வலி குறைந்ததா? குறைந்தது. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறுகிறார். ஆனால் அதே மாதங்களில் பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி தொடையின் முன்பக்கத் தசைக்குத் தினமும் பயிற்சி செய்தார், எடையையும் குறைத்தார். ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் இறங்கும் பாரம் நான்கு கிலோ அளவுக்குக் குறையும் என்று 2005-இல் வந்த ஆய்வு சொல்கிறது. இதில் ஊசியின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது, யாராலும் முடியாது.

முழங்காலுக்கு ஆய்வகப் புரதம் இல்லையா என்று கேட்பீர்கள். முயன்றிருக்கிறார்கள். ஸ்ப்ரிஃபெர்மின் என்று ஒன்று, எஃப்.ஜி.எஃப்.-18 என்ற வளர்ச்சிப் புரதத்தின் ஆய்வக வடிவம். 549 பேரை வைத்து நடந்த ஆய்வு 2019-இல் வந்தது. அதிக அளவு மருந்து வாங்கியவர்களுக்கு இரண்டு வருட முடிவில் குருத்தெலும்பு உண்மையாகவே கொஞ்சம் கனமாகியிருந்தது. போலி ஊசி போட்டவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் 0.05 மில்லிமீட்டர். ஆனால் வலியிலோ நடையிலோ குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. எனக்கு இந்த ஆய்வு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் அது ஒரு நேர்மையான பதில். அளந்து கொடுத்தார்கள், அளந்து பார்த்தார்கள், ஜவ்வு வளர்ந்தது, வலி போகவில்லை. தேய்மான வலி ஜவ்விலிருந்து மட்டும் வருவதில்லை. எலும்பு, மூட்டின் உள்சவ்வு, தசை எல்லாம் அதில் இருக்கின்றன. ஜவ்வு வளரும் என்று வண்ண அட்டை காட்டுகிறவர்களிடம் இதைத்தான் கேட்க வேண்டும்: வளர்ந்ததை எப்படி அளந்தீர்கள், வளர்ந்தவர்களுக்கு வலி போனதா?

இப்போது அப்பா. மத்தியான வெயிலில் கோயில் பிரகாரத்தைச் சுற்றிவிட்டு வந்தார். கருங்கல் சுட்டது அவருக்குத் தெரியவே இல்லை, பாதம் மரத்துப்போய் வருடக்கணக்காகிறது. கட்டைவிரலுக்குக் கீழே, பாதம் ஊன்றும் இடத்தில் கொப்புளம் வந்து உடைந்து புண்ணானது. மேலே காய்ந்த மாதிரி இருக்கும், கீழே குழி. பாத மருத்துவம் பார்க்கும் இடத்துக்குக் கூட்டிப்போனோம். போனதும் மருந்து எழுதவில்லை. நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தார்கள். கணுக்காலில் ரத்த ஓட்டத்தை அளந்தார்கள். எலும்புவரை கிருமி போயிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்தார்கள். ரத்த ஓட்டம் இல்லாத காலில் எந்த ஜெல்லும் எடுபடாது, முதலில் அடைப்பைத்தான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர் அம்மா.

அப்புறம் அவர் செய்ததுதான் வைத்தியத்தின் பாதி. புண்ணின் ஓரத்தில் கெட்டித்திருந்த தோலையும் உள்ளே செத்துப்போன சதையையும் கத்தியால் சீவிச் சீவி எடுத்தார். அப்பாவுக்கு வலிக்கவே இல்லை, பேசிக்கொண்டே இருந்தார், எனக்குத்தான் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. ரத்தம் கசிந்ததும், "இப்பத்தான் இது உயிருள்ள புண்" என்றார் டாக்டர். நாள்பட்ட புண்ணில் ஊறும் நீரில் புரதத்தை அரித்துத் தின்னும் நொதிகள் நிறைய இருக்குமாம். அதன் மேல் விலையுயர்ந்த வளர்ச்சிப் புரதத்தைத் தடவினால் அதையும் தின்றுவிடும். பெகாப்ளெர்மினைச் சோதித்த காலத்திலேயே, புண்ணை அடிக்கடி சீவிச் சுத்தம் செய்த மையங்களில்தான் அதிகமான புண்கள் ஆறியிருக்கின்றன.

மீதிப் பாதி, பாரத்தை எடுப்பது. தொழுநோயால் மரத்துப்போன பாதங்களைப் பார்த்து, புண் வருவது கெட்ட சதையால் இல்லை, வலி தெரியாததால் அதே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால்தான் என்று வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட் கண்டுகொண்டது சர்க்கரைப் பாதத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. அப்பாவுக்கு அழுத்தம் விழாதபடி கட்டுப் போட்டார்கள், பின்னால் எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பரில் செருப்பு அளவெடுத்துச் செய்தோம். வீட்டுக்குள்ளேயும் செருப்பு என்பதை அவர் ஏற்றுக்கொள்ள ரொம்ப நாள் ஆனது. பூஜை அறைக்கு மட்டும் தனியாக ஒரு ஜோடி வாங்கி வைத்தோம், பிரச்சினை தீர்ந்தது.

இவ்வளவுக்குப் பிறகுதான் ஜெல். எங்களுக்குக் கொடுத்தது ஈ.ஜி.எஃப். ஜெல். இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்ததற்காக ஸ்டான்லி கோஹனுக்கு 1986-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஐதராபாத்தின் பாரத் பயோடெக் இந்த வகை ஜெல்லை ரீஜென்-டி என்ற பெயரில் தயாரிக்கிறது. கியூபாவில் இதையே புண்ணுக்குள் ஊசியாகப் போடுகிறார்கள். வீட்டில் கவனிக்க வேண்டியது கொஞ்சம் உண்டு. எங்கள் டியூபில் 2 முதல் 8 டிகிரி என்று போட்டிருந்தது, அதனால் ஃபிரிட்ஜில், ஆனால் ஃப்ரீசரில் இல்லை. மருந்துக் கடையில் வாங்கும்போதே ஃபிரிட்ஜிலிருந்து எடுக்கிறார்களா என்று பாருங்கள், அலமாரியிலிருந்து எடுத்தால் வாங்க வேண்டாம். வெயில் காலத்தில் ஐஸ் பையில் வைத்துக் கொண்டுவாருங்கள். கட்டு மாற்றும்போது புண்ணை சலைன் தண்ணீரால் கழுவி, மெல்லிய படலமாகத் தடவினால் போதும், நிறைய அப்பினால் இன்னும் சீக்கிரம் ஆறிவிடாது. சிஸ்டர் ரொம்பக் கண்டிப்பாகச் சொன்னது, இதோடு வேறு களிம்பு, பவுடர், மஞ்சள், தேங்காய் எண்ணெய் எதையும் கலக்காதீர்கள் என்று.

இன்னொரு பழக்கம் அங்கே கற்றுக்கொண்டோம். வாரத்துக்கு ஒரு தடவை, சுத்தமான பிளாஸ்டிக் தாளைப் புண்ணின் மேல் வைத்து மார்க்கரால் ஓரத்தை வரைந்து, கட்டம் போட்ட தாளில் வைத்து எத்தனை கட்டம் என்று எண்ணுவார்கள். நான்கு வாரத்தில் பரப்பளவு பாதியாகக் குறையவில்லை என்றால் போகிற வழி சரியில்லை, மறுபடி யோசிக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. பார்த்தால் நல்லாத்தான் இருக்கு என்று கண்ணால் சொல்லிக்கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல். அப்பாவின் புண் அந்தக் கணக்கில் தேறியது, பின் மூடியது.

ஆய்வகப் புரதம் என்றால் ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. அளந்து கொடுக்கிற மருந்து என்பதால் அதன் ஆபத்தும் வெளியே தெரிந்துவிடுகிறது, நான் அதை ஒரு நல்ல விஷயமாகத்தான் பார்க்கிறேன். பெகாப்ளெர்மினை மூன்று டியூபோ அதற்கு மேலோ பயன்படுத்தியவர்களிடம் புற்றுநோய் மரணம் கூடுதலாகத் தெரிகிறது என்று 2008-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கட்டம் கட்டி எச்சரித்தது, பிற்பாடு கிடைத்த தகவல்களைப் பார்த்து அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டது. இருந்தாலும் புற்றுக்கட்டி உள்ள இடத்தில் வளர்ச்சிப் புரதத்தைத் தடவவே கூடாது. எலும்பை வளர்க்கும் பி.எம்.பி.-2 என்ற புரதத்தின் கதை இன்னும் பெரிது. எலும்புக்குள் எலும்பை வளர்க்கத் தூண்டும் ஏதோ இருக்கிறது என்று 1965-இல் மார்ஷல் யூரிஸ்ட் காட்டினார். ஆய்வகத்தில் தயாரித்த அந்தப் புரதத்துக்கு 2002-இல் முதுகெலும்பு அறுவை சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. உடம்பு துளித்துளியாகப் பயன்படுத்தும் ஒன்றை மில்லிகிராம் கணக்கில் வைத்தார்கள். அனுமதி இல்லாத கழுத்துப் பகுதியிலும் வைத்ததில் தொண்டை வீங்கி மூச்சுவிடவும் விழுங்கவும் முடியாமல் போனவர்கள் இருந்தார்கள், 2008-இல் அதற்கும் எச்சரிக்கை வந்தது.

சொந்தத் திசுவும் இலவசமாக வருவதில்லை. சித்தப்பா மகன் பைக்கில் விழுந்து கால் எலும்பு சேராமல் போனபோது இடுப்பெலும்பிலிருந்து சுரண்டி எடுத்து வைத்தார்கள். காலாகாலமாகச் செய்வது, நம்பகமானது, அவனுக்கும் எலும்பு சேர்ந்தது. ஆனால் காலைவிட எடுத்த இடம்தான்க்கா வலிக்குது என்று பல மாதம் சொல்லிக்கொண்டிருந்தான். இந்த இடத்தில்தான் ஆய்வகப் புரதம் உண்மையிலேயே பயன்படுகிறது. கணுக்கால் மூட்டை இணைக்கும் அறுவை சிகிச்சைக்கு பி.டி.ஜி.எஃப். கலந்த ஒரு எலும்பு நிரப்பிக்கு 2015-இல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். 434 பேரை வைத்து சொந்த எலும்போடு ஒப்பிட்டு, அதற்குக் குறைவில்லை என்று காட்டிய பிறகு.

இப்போது யாராவது என்னிடம் கேட்டால் எது நல்லது என்று சொல்வதில்லை. எந்த இடம், எக்ஸ்ரேயில் எந்த நிலை, ரத்த ஓட்டம் எப்படி, சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி எவ்வளவு, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று கேட்கிறேன். அதற்குப்பின் டாக்டரிடம் கேட்க நாலு கேள்வி எழுதிக் கொடுக்கிறேன். இதே நோய்க்கு, இதே நிலையில் உள்ளவர்களுக்கு, போலி ஊசியோடு ஒப்பிட்டு ஆய்வு நடந்திருக்கிறதா? ஊசிக்குள் எவ்வளவு இருக்கிறது, அளந்தீர்களா? எதை வைத்து, எத்தனை வாரத்தில் பலித்தது என்று முடிவு செய்வீர்கள்? பலிக்காவிட்டால் அடுத்தது என்ன? இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்கிற டாக்டர் எந்த ஊரிலும் கிடைப்பார், கொஞ்சம் தேட வேண்டும்.

அம்மாவுக்கு மறுபடி ஊசி போடலாமா என்று போன தடவை கேட்டார்கள். இப்போதைக்கு வேண்டாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் அரை நிமிடத்தில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று பிசியோதெரபிஸ்ட் ஒரு சோதனை வைத்திருக்கிறார், அந்த எண்ணிக்கை குறைய ஆரம்பித்தால் பார்க்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அப்பா அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து எண்ணுகிறார், எண்ணி முடித்ததும் தன் பாதத்தைக் கண்ணாடியில் திருப்பிப் பார்த்துக்கொள்கிறார்.